பழைய கேசட்டில் கச்சேரி இருக்கா? அழியும் முன் காப்பாற்றுவது எப்படி?

மதுரை சோமு 1989-ல் மறைந்தார். ஆனாலும் அவருடைய கச்சேரிப் பதிவுகளை ரசிகர்கள் இன்றும் பகிர்ந்து கேட்கிறார்கள். அன்று டேப் ரெக்கார்டரோடு போனவர்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

ஏன் அவசரம்?

சினிமா பாட்டு கேசட் தொலைந்தால் வேறு கிடைக்கும். கோயில் திருவிழாவில் பதிவு செய்த கச்சேரிக்கு, உங்க வீட்டு கேசட்தான் ஒரே பிரதியாக இருக்கலாம். ஈரப்பதம் பட்டால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும்.

என்ன செய்யணும்?

* கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்க. தவறியும் வேறு எதுவும் பதிவாகாது.

* பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீங்க. சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்க.

* நல்ல கேசட்டை பிளேயரில் ஓடவிட்டு, கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்க. 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும்.

* பாடியவர், ஊர், ஆண்டு மூன்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்க. நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்க.