அடுப்பின் பசி

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சுவைக்கிறவர்கள் பாலை நினைப்பார்கள்; சர்க்கரையை நினைப்பார்கள்; பதம் அறிந்து கிண்டிய கையைக்கூடச் சிலர் நினைப்பார்கள். அடியில் எரிந்த விறகை நினைப்பவர் யார்? விறகின் தலைவிதியே அதுதான். சாம்பலாகிவிட்ட பொருளுக்கு யார் சரித்திரம் எழுதப் போகிறார்கள்?

ஆனால் விறகுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இன்று அதற்கு ‘உயிரிப்பொருள் எரிசக்தி’ என்று பெரிய பெயர் சூட்டியிருக்கிறார்கள். மரம், சுள்ளி, உமி, கரும்புச் சக்கை இவற்றை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும். மரமோ வெட்ட வெட்டத் தளிர்க்கும். எரியும்போது விட்ட கரிவாயுவை வளரும்போது மறுபடி வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது; பொய்யும் அல்ல. ஆயினும் அது எந்த மரம், எந்த இடத்து மரம், எவ்வளவு மரம் என்ற மூன்று கேள்விகள் பாக்கி நிற்கின்றன. ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலையையும், கிழக்கே சமவெளியில் கிடக்கும் கண்மாய்களையும் சாட்சிக்கு அழைத்தால் அவற்றுக்கு விடை கிடைக்கும்.

கதை 1856-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை மாதம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதே ஆண்டின் முடிவில் சென்னை ராஜதானியின் காடுகளைக் காக்க கிளெகார்ன் துரை நியமிக்கப்பட்டார். ரயிலும் வன இலாகாவும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்! ரயிலுக்கு இரண்டு வகையில் மரம் வேண்டியிருந்தது. தண்டவாளத்தின் அடியில் குறுக்குக் கட்டையாக மரம். எஞ்சினின் வயிற்றில் விறகாக மரம். அந்தப் பசிக்கு ஈடுகொடுக்கக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. பரம்பரையாகச் சுள்ளி பொறுக்கிய ஏழைப் பெண்ணின் தலைச்சுமைக்குக் கணக்குக் கேட்டார்கள். காட்டைக் கரைத்த பெரிய அடுப்பு எது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் முதலில் கண்டது சின்ன அடுப்பைத்தான்.

விறகுப் பஞ்சம் தீர அதிகாரிகள் வேறொரு வழியும் தேடினார்கள். 1876-இல் சென்னை ராஜதானியின் வனப் பாதுகாவலர்களில் ஒருவரான பெட்டோம் துரை, அமெரிக்கக் கண்டத்து முள்மரம் ஒன்றின் விதையை வரவழைத்துத் தரும்படி எழுதினார். அடுத்த ஆண்டை ஒட்டிக் கடப்பைச் சீமையில் கமலாபுரத்தில் அது ஊன்றப்பட்டது. அதுதான் சீமைக் கருவேலம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வறண்ட ராமநாதபுரம் ஜில்லாவில் அதைப் பரப்பினார்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1985 வரையில் அந்த ஜில்லாவில்தான் இருந்தன.

நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. மழை பொய்த்த ஊரில் குடியானவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். மலையில் விழும் கோடரியும் குறைய வேண்டும். முள்மரம் வாக்குக் காப்பாற்றியது. வெட்டினால் துளிர்த்தது, மழை இல்லாவிட்டாலும் நின்றது. விளைச்சல் கைவிட்ட குடும்பங்கள் மூட்டம் போட்டுக் கரி எடுத்துக் கஞ்சி குடித்தன. நாலைந்து டன் விறகு வெந்து ஒரு டன் கரியாகும். அந்தக் கரிப்புகையில் கண்ணெரிந்து பிழைத்தவர்களைக் கேட்டால், இந்த மரத்தை அரக்கன் என்று சொல்ல அவர்களுக்கு நா எழாது.

ஆனால் வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான். ஆடும் மாடும் நெற்றைத் தின்று, போகிற வழியெல்லாம் விதையை விதைத்தன. கண்மாயின் உள்வாயும் வரத்துக் கால்வாயும் முட்புதர் ஆயின. வெள்வேலும் நாட்டுக் கருவேலும் ஒதுங்கின. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இதை அகற்றும்படி கடுமையாகக் கட்டளையிட்டது. அதே ஆண்டில் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. இடையில், இந்த விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் தமிழ்நாட்டில் தோன்றியிருந்தன. கண்மாயும் சுத்தமாகும், விளக்கும் எரியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா?

இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். பத்து மெகாவாட் நிலையம் ஒன்று நாள் முழுதும் ஓடினால் 2,40,000 யூனிட் மின்சாரம். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ விறகு என்று குறைத்து வைத்தாலும் நாள் ஒன்றுக்கு 240 டன்! அக்கம்பக்கத்து முள் முழுவதும் தீர்ந்த பிறகு அந்த அடுப்பு என்ன செய்யும்? அணைந்துவிடுமா? பணம் போட்டவர்கள் அணைய விடுவார்களா? ஒழிக்க வந்த மரத்தையே மறுபடி வளர்க்கச் சொல்லும். இல்லாவிட்டால் மேற்கே மலையைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த மலையில் நரைத்த உடலும் நீண்ட வாலும் கொண்ட பெரிய அணில் ஒன்று வாழ்கிறது. அதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. இந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவுவதே அதன் பாதை. வரிசையில் ஒரு மரத்தை வெட்டினால் விறகுக் கணக்கில் ஒரு மரம் குறையும். அணிலின் கணக்கில் ஒரு பாலமே இடிந்துபோகும். பட்டுப்போன மரத்தின் பொந்து பறவைக்கு வீடு. விழுந்து மக்கும் கிளை மண்ணுக்கு உரம். அந்த மண் குடித்து மெல்ல விடுகிற நீர்தான் அய்யனார்கோவில் ஆறாக இறங்கி ராஜபாளையத்துக் குடங்களை நிரப்புகிறது. இவை எந்தத் தராசில் ஏறும்?

ஆகவே விறகே ஆகாது என்று சொல்லவில்லை. உமியும் சக்கையும் பருத்தி மாரும் வீணாவதைவிட எரிவது நல்லது. கண்மாய் முள்ளையும் எரிக்கலாம். அது வெட்டிய இடத்தில் நாட்டு மரம் வேர்விடும் வரையில் காவல் இருக்க வேண்டும். கரி மூட்டத்தை நம்பிய குடும்பங்களுக்கு வேறு பிழைப்பும் காட்ட வேண்டும். ஆனால் காடு தரக்கூடியதை அளந்துவிட்டு அடுப்பைக் கட்ட வேண்டும். அடுப்பைக் கட்டிவிட்டுக் காட்டை அளக்கக் கூடாது. 1856-இல் ரயிலுக்கு அப்படித்தான் அளந்தார்கள். அதன் சாம்பலிலிருந்து முளைத்த முள்ளை நாம் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.