நாறும் மரம் கொடுத்த குடல் புற்று மருந்து

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணாமலையாரைச் சுத்தி 14 கிலோமீட்டர் கிரிவலம் வர்றவங்க, வழியோரம் சாக்கு விரிச்சு வேர், பட்டை, பொடி விக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. சர்க்கரைக்கு ஒண்ணு, மூட்டுவலிக்கு ஒண்ணு. இப்போ 'கேன்சருக்கும் இருக்கு'ன்னு சொல்றதும் காதுல விழுது. விவசாயிங்கிறதால என்கிட்டயும் கேக்கிறாங்க: "ஐயா, குடல்ல புத்துன்னா செடி கொடியில மருந்து இருக்கா?"

இருக்கு. ஆனா அது எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அந்த 'இருக்கு'க்கு அர்த்தம் புரியும்.

1966-ல் அமெரிக்காவில் மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இரண்டு வேதியியலாளர்கள், சீனாவிலிருந்து வந்த ஒரு மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரிச்சாங்க. வாணி நம்ம இந்தியாவில் பிறந்தவர். அது புற்று செல்லைக் கொல்லுதுன்னு பரிசோதனைச் சாலையில் தெரிஞ்சுது.

அடுத்த சங்கதி நம்ம பக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து, பிறகு பம்பாய் சீபா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. அவரும் விஸ்வநாதன் என்ற ஆய்வாளரும் 1972-ல், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சின்ன மரத்திலும் அதே பொருள் இருக்குன்னு எழுதினாங்க. அதுவும் சீன மரத்தைவிட அதிகமாவே. அந்த மரத்தோட பூ நாறும். அதனாலதான் அதன் பழைய தாவரவியல் பெயர் 'மாப்பியா ஃபோட்டிடா'. ஃபோட்டிடான்னா லத்தீன்ல நாத்தம் பிடிச்சதுன்னு அர்த்தம்.

அத்தோட மருந்து கிடைச்சிருச்சான்னா, இல்ல. அதே காலத்துல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ கடுமையான வயித்துப்போக்கு, சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு. சோதனையை நிறுத்திட்டாங்க.

அது எப்படி வேலை செய்யுதுன்னு 1985-லதான் பிடிபட்டுது. செல் ரெண்டாப் பிரியும்போது உள்ளே இருக்கிற மரபு இழை கயிறு மாதிரி முறுக்கிக்கும். ஒரு நொதி அந்தக் கயித்துல ஒரு பிரியை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டும். இந்தப் பொருள் ஒட்ட விடாம பண்ணிடும். கயிறு அறுந்து செல் சாகும். வேகமாப் பெருகுற செல்லுக்குத்தான் அடி பலம். நம்ம குடலோட உள்தோலும் வேகமாப் புதுப்பிச்சுக்கிறதுதான், அதனால அதுக்கும் அடி விழும்.

ஜப்பான்காரங்க அந்த மூலப்பொருளைக் கொஞ்சம் மாத்தி, தண்ணியில கரையிற மாதிரி இரினோடெகான் என்ற மருந்தைச் செஞ்சாங்க. 1994-ல் ஜப்பானில் அனுமதி. 1996-ல் அமெரிக்காவில், பரவின பெருங்குடல் புற்றுக்கே அனுமதி. இன்னிக்கும் அந்த நோய்க்கு முக்கியமான மருந்துகள்ல அது ஒண்ணு. மரத்துல கண்டுபிடிச்சதுலேருந்து நோயாளி கைக்கு வர 30 வருஷம். மலை மரத்துக்கும் நஷ்டம்தான். ஏற்றுமதிக்காக வெட்டி வெட்டி அந்த மரம் அருகிப் போச்சு.

அடுத்து எல்லாரும் கேக்கிறது மஞ்சள். அதன் நிறப்பொருளான குர்குமினை ஐரோப்பாவில் 1815-லேயே பிரிச்சாங்க. 1995-ல் புண் ஆத்துற மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, நம்ம அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து, 1997-ல் அது ரத்தான கதை உங்களுக்குத் தெரியும். நூறு கிராம் மஞ்சள்ல குர்குமின் சுமார் 2 முதல் 5 கிராம்தான். சாப்பிட்டா ரத்தத்துல ரொம்பக் கம்மியாத்தான் சேரும், பெரும்பகுதி குடல் வழியாவே போயிடும். அதனாலதான் குடல் புற்றுக்கு இது துணையாகுமான்னு ஆய்வாளர்கள் பார்க்கிறாங்க. பரிசோதனைச் சாலையில் நல்ல அறிகுறி உண்டு. மனுஷங்ககிட்ட நடந்ததெல்லாம் சின்ன ஆய்வுகள். இதுவரைக்கும் அது மருந்தா நிரூபணம் ஆகலை.

மிளகு சேர்த்தா குர்குமின் பல மடங்கு சேரும்னு 1998-ல் பெங்களூர் ஆய்வு காட்டுச்சு. காரணம், கல்லீரல் அதைக் கழிச்சு வெளியேத்துறதை மிளகு மட்டுப்படுத்துது. இரினோடெகானையும் கல்லீரல்தான் கழிக்கணும். ரசத்துல போடுற மிளகு, மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். கடையில விக்கிற குர்குமின்-மிளகு மாத்திரையை மட்டும் சிகிச்சை நடக்கும்போது டாக்டர்கிட்ட சொல்லாம விழுங்காதீங்க.

எனக்கு வருத்தம் வேற இடத்துல. எங்க ஊர்ல ஒருத்தர் மலத்துல ரத்தம் போனதை மூலம்னு நினைச்சு ஒரு வருஷம் பொடி சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போறப்போ நோய் கல்லீரலுக்குப் போயிருந்துச்சு. இது புதுக்கதை இல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றை முதல்ல சீதபேதின்னு தவறா நினைச்சாங்க. 1920கள்ல அந்தத் தங்கையை இழந்த வேதனையில இருந்துதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது.

ரத்தம் போச்சுன்னா, மலம் போற பழக்கம் மாறி வாரக்கணக்கா அப்படியே இருந்துச்சுன்னா, முதல்ல குடலுக்குள்ள பார்க்கிற பரிசோதனை. கஞ்சியும் கீரையும் மஞ்சளும் பக்கத்துல இருக்கட்டும். கிரிவலத்துல பொடி வாங்கினாலும், பொட்டலத்தை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. அந்த ஆஸ்பத்திரி பாட்டில்ல இறங்குற மருந்தும் ஒரு மரத்துலேருந்து வந்ததுதான்.