திண்ணையில் நடந்த பரீக்ஷை

பரீக்ஷை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வினாத்தாளும் மதிப்பெண்ணும் நம் நினைவுக்கு வருகின்றனவேயொழிய, அவ்விரண்டும் இல்லாமலே பல தலைமுறைகளாகப் பிள்ளைகளின் கல்வியை நாள்தோறும் அளந்துவந்த திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் நினைவுக்கு வருவதில்லை.

அவருடைய அளவை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். 1823-ஆம் ஆண்டில் பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் துரை தம் அறிக்கையில் அதை விஸ்தாரமாக வருணித்திருக்கிறார். முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்கு, புகழும் இல்லை இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்பால் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். முப்பதாவதாக வந்து நின்ற பிள்ளையை நினைத்தால் நம் உள்ளங்கையே கூசுகிறது.

தமிழ்நாட்டுத் திண்ணைகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியவன் எழுத்து நிலைபெற்ற பிறகே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் உரியவனாவான். ஆண்டு முடிவில் எல்லோரையும் ஒருங்கே மேலேற்றும் வழக்கம் அங்கே இல்லை. அவனவன் கை திருந்திய நாளே அவனவனுக்குத் தேர்ச்சி நாள். 320-இல் ஒரு பங்காகிய முந்திரி முதலாகக் கீழ்வாய் இலக்கங்களை, அதாவது பின்னங்களை, எண்சுவடியிலிருந்து தடையின்றி ஒப்பிக்கவேண்டும். சிறியவர்களின் பாடத்தை மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை கேட்பான். மாலையில் வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லியனுப்பி, மறுநாட்காலையில் அதைக் கேட்டு வாங்கும் வழக்கமும் உண்டு.

இந்தப் பரீக்ஷை முழுவதும் வாயினாலே நடந்தமையால், பெற்றோர் செவியாலே அதில் கலந்துகொண்டார்கள். எழுத்தறியாத தாயும், விளக்கு வைத்த பின் திண்ணையில் முறை சொல்லும் மகன் எந்த வாய்பாட்டில் இடறுகிறான் என்பதைக் குரலின் தயக்கத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். மாலையில் சொல்லியனுப்பிய பூவின் பெயரை உறங்குமுன் ஒருதரம் கேட்டுவைப்பதற்கு அவளுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. மகாநவமிக் காலத்திலோ உபாத்தியாயர் பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துச் சென்று பாடவும் கோலாட்டமடிக்கவும் செய்து, வீட்டார் அளிக்கும் காணிக்கையைப் பெற்றுக்கொள்வார். அது வேடிக்கை என்று எண்ணுபவர் எண்ணட்டும். ஓராண்டு கற்பித்ததை ஊரார் முற்றத்தில் கொண்டுபோய்க் காட்டிக் கணக்கு ஒப்புவித்த நாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் பொற்காலமென்று புகழவும் மனம் இடங்கொடுக்கவில்லை. பொருள் தெரியாமல் ஏராளமான செய்யுட்களைக் கிளிபோல் ஒப்பித்தார்கள் என்று அதே காம்பெல் துரை குறை கூறுகிறார். ஒப்பித்தலையே கல்வியின் அளவாகக் கொண்ட இடத்தில் அந்தக் குறை நேர்ந்தது வியப்பன்று. அது பொற்காலமன்று என்பதற்கு, கோதண்டம் என்னும் தண்டனைக் கயிற்றில் தொங்கியவர்களின் கைகளும் சாட்சி. ஆயினும் பள்ளிகளின் தொகை சிறிதன்று: கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் செய்து 1826-இல் எழுதிய குறிப்பின்படி, சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பரீக்ஷையின் பலனுக்குத் தக்கபடி பள்ளிக்கு உதவித்தொகை அளிக்கும் முறை சீமையைப் பின்பற்றி இங்கும் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். தேறினவர் தொகையைக் கொண்டு பணம் கணக்கிடப்பட்டது. பிள்ளைக்கு நடந்த பரீக்ஷை உபாத்தியாயரின் ஜீவனத்துக்கும் பரீக்ஷையாயிற்று. திண்ணையிலிருந்து தெருவுக்குக் கேட்டுக்கொண்டிருந்த செய்தியோ, தேறினான் அல்லது தவறினான் என்ற ஒரே சொல்லாகச் சுருங்கி, இன்ஸ்பெக்டரின் குறிப்பேட்டில் ஏறியது. அவன் எந்த வாய்பாட்டில் இடறினான் என்பதைத் தாய்க்குச் சொல்ல அந்தக் குறிப்பேட்டில் பத்தி இல்லை.