படத்தில் நிற்கும் கார் எது?

நம் வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, அவற்றுக்கு அடியில் ஓரம் மடிந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டத்து வீடு ஒன்றில், அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து ஒரு பந்தயக் காரின் படம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்புறம் ஒன்றும் எழுதவில்லை. அது என்ன கார்? எங்கே, எப்போது எடுத்த படம்? இவற்றைக் கண்டறியும் வழியை இன்று பார்ப்போம்.

இந்தப் பந்தயங்கள் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 1940-ஆம் ஆண்டிலேயே ஜொகூர் பாரு நகரச் சாலைகளில் ஜொகூர் கிராண்ட் பிரி நடந்தது. போருக்குப் பின்னும் நடந்தது. பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. மற்ற நாட்களில் பஸ்ஸும் லாரியும் ஓடிய சாலைகள்தாம் அவை.

முதலில் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களும் வெளியே தெரிந்து, ஒருவர் மட்டுமே உட்காரும்படி இருந்தால் அது ஒருவகை. சக்கரங்களை மட்கார்டு மூடியிருந்து, இருவர் உட்காரும் அகலம் இருந்தால், அது பந்தயத்திற்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் கார். விதி கேட்பதால் இரண்டாவது இருக்கை; ஓட்டுபவரோ ஒருவர்தான்.

அடுத்து, எஞ்சின் எங்கே? 1961-இல் தாம்சன் சாலையில் இயன் பார்ன்வெல் வென்றது ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் காரில். அதற்கு எஞ்சின் முன்னால். ஆகவே முன்பகுதி நீளம்; ஓட்டுபவர் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பார். 1963-இலும் 1965-இலும் அங்கே வென்ற ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் ஓட்டியது லோட்டஸ் 23. அதற்கு எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். முன்பகுதி தாழ்ந்து, தரையை ஒட்டி இருக்கும். கார் செய்யும் முறையே மாறிவிட்டதை இந்த இரண்டு படங்களும் காட்டிவிடும்.

மூன்றாவது அடையாளம் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. ஆஸ்டன் மார்ட்டினுக்குச் சைக்கிளைப் போலக் கம்பிச் சக்கரம். நடுவே ஒரே பெரிய மரை. லோட்டஸுக்கோ பல சிறிய மரைகள். 1962-இல் பிரான்சின் லே மான் பந்தயத்திற்கு லோட்டஸ் 23 போனபோது, முன்சக்கரத்தில் நான்கு மரைகள், பின்சக்கரத்தில் ஆறு. மாற்றுச் சக்கரம் ஒன்று இரண்டு பக்கமும் பொருந்தாதே என்று அதிகாரிகள் காரை ஏற்க மறுத்தார்கள். ஒரு மரையின் கணக்கு அவ்வளவு பெரிய செய்தி ஆயிற்று.

கார் தெரிந்தால் போதாது. இடமும் தெரிய வேண்டும். ஆல்பர்ட் பூன் 1964-இல் மக்காவிலும் லோட்டஸ் 23 ஓட்டி வென்றார். ஓட்டுபவர் ஒருவரே, காரின் வகையும் ஒன்றே. அப்போது காருக்குப் பின்னால் இருப்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்: மரங்கள், கடைப்பலகை, ஓரத்தில் நிறுத்திய வண்டிகளின் எண். ஜே என்றால் ஜொகூர், எஸ் என்றால் சிங்கப்பூர். சாலை நனைந்திருந்தால், மழையால் பந்தயம் பாதியில் கைவிடப்பட்ட 1964-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் நினைவுக்கு வரலாம். ஆனால் நம் நாட்டில் மழை எந்த ஆண்டிலும் பெய்யும். ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஏமாறவும் இடமுண்டு. காரில் எழுதிய எண் அடுத்த பந்தயத்தில் வேறு காருக்குப் போயிருக்கும். படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டால், வலப்பக்கம் இருக்க வேண்டிய ஓட்டுபவர் இடப்பக்கம் தோன்றுவார். எண்ணைப் படித்துப் பார்த்தால் பிழை தெரியும். லோட்டஸ் 23-ஐப் போலவே பிற்காலத்தில் செய்த கார்களும் உண்டு. எது அசல் என்ற வழக்கில், தகட்டில் வரிசையாக அடித்த ஆணிகளும் ஒரு பழைய நசுங்கலும் சாட்சி சொல்லும். அதனால்தான் இப்படங்களை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார்கள்.

நேயர்களே, இவ்வளவு பாடுபட்டால் காரின் பெயர் கிடைக்கிறது. ஓட்டியவர் பெயரும் கிடைக்கிறது. சாலையோரம் நிற்கும் கூட்டத்தின் பெயர்? அது எந்தப் பதிவிலும் இல்லை. நம் தோட்டப் படங்களிலும் இதே கதைதான். துரையின் பெயர் எழுதியிருக்கும். வாளியோடு வரிசையில் நிற்கும் நம் பாட்டியின் பெயர் இருக்காது. லயங்கள் இடிந்து, குடும்பங்கள் பட்டணம் போய்விட்ட பின், அந்த முகம் யாருடையது என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

காரைக் கண்டறியும் அதே வழி இங்கும் உதவும். பின்னால் நிற்பது ஆபீசா, ஸ்டோரா, கோயிலா? உடை எந்தக் காலத்தது? அதற்குப் பிறகு, வீட்டுப் பெரியவரிடம் படத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும். இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வைக்க வேண்டும். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். ஆண்டு உறுதியில்லை என்றால் ‘சுமார்’ என்று சேர்த்து எழுதலாம்.

மரையை எண்ணிக் காருக்குப் பெயர் சொல்லிவிடலாம். மனிதருக்குப் பெயர் சொல்ல, அவரை அறிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.