கோடை

இன்று கோடை என்றால் வெயில்காலம். பழந்தமிழில் மேல்காற்றுக்கும் அதுவே பெயர். வடக்கிருந்து வருவது வாடை, தெற்கிருந்து வருவது தென்றல். இவை திசையிலேயே பிறந்த சொற்கள். கீழ்க்காற்றான கொண்டல் வேறு வழி: நீரைக் கொண்டு வருவதால் கொண்டல். மேகத்துக்கும் அந்தப் பெயர் உண்டு.

வெயிலும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று வரைபடத்தில் குறித்துவிட்டுத்தான், இயற்கையின் போக்கைப் பின்பற்றி நிலத்தை வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர்காரர்கள் தோட்டம் போடுகிறார்கள். நம்மவர்கள் பெயரிலேயே குறித்துவிட்டார்கள்! வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் வாழை வைப்பவருக்கு ஆடிக்காற்றின் திசையை யாரும் சொல்லித்தர வேண்டாம்; மேற்கெல்லையில் பனையும் கிளுவை வேலியும் நின்றால் தார் தப்பும்.

ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று, பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்த தானே புயல் வந்தது கொண்டலின் திசையிலிருந்து.