வைத்தியர் காசில் நடந்த இசை மாநாடு

ஆணி அதிகமா இருக்கற எல்லாருக்கும் மனசுக்குள்ள ஒரு கேள்வி ஓடிட்டே இருக்கும். இந்த வேலையை விட்டுட்டு பிடிச்சதை மட்டும் செஞ்சா என்ன? ஸ்வெட்டர் பின்றவங்க, மிருதங்கம் கத்துக்கறவங்க, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதற நம்மள மாதிரி ஆளுங்கன்னு யாரும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க தஞ்சாவூர்ல ஒருத்தர் இதுக்கு வேற மாதிரி பதில் வெச்சிருந்தார். அவர் ஆபிரகாம் பண்டிதர்.

1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி. சுருளிமலையில் கருணானந்த முனிவரிடம் சித்த வைத்தியம் கற்றார். பிறகு தஞ்சாவூர் வந்து ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியர். மனைவி அதே பள்ளியில் தலைமையாசிரியை. 1890-ல் அந்த வேலையை விட்டார். "பாத்தியா, அவரே விட்டுட்டார்"னு துள்ளாதீங்க :-) விட்டது சங்கீதத்துக்காக இல்லை, முழுநேரமா வைத்தியம் பார்க்க. அவருடைய சஞ்சீவி மருந்துகள் நல்லா வித்தது. ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டு விவசாயமும் செய்தார். 1909-ல் 'ராவ் சாகிப்' பட்டம் வந்தது.

இதுக்கு நடுவில்தான் சங்கீதம்.

அந்தக் காலத் தஞ்சாவூர் எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சாதான் அவர் செஞ்சதோட அளவு புரியும். 1855-ல் கடைசி மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்துபோக, மிச்சமிருந்த அரசையும் கம்பெனி முடிச்சு வெச்சது. தலைமுறை தலைமுறையா வித்வான்களுக்குச் சோறு போட்ட அரண்மனை அடைபட்டுப் போச்சு. ராஜா இல்லாத அந்த ஊரில், 1912 மே மாதம் பண்டிதர் ஓர் இசை மாநாடு கூட்டினார். அடுத்த சில வருஷங்களில் இன்னும் பல. வந்த வித்வான்களுக்கு வழிச்செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. மருந்து வித்த காசு!

அங்கே அவர் கிளப்பிய சர்ச்சை சுருதி பற்றியது. ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்பது பரதர், சார்ங்கதேவர் காலம் தொட்டு வரும் கணக்கு. இவர் சிலப்பதிகாரத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, இல்லை, 24 சமமான சுருதிகள் என்றார். நம்ம பாஷையில் சொன்னா, ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல சுமார் 1.0293 மடங்கு. 24 தடவை பெருக்கினா சரியா இரண்டு, அதாவது மேல் ஸ்தாயி ஸட்ஜம். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தன் பெண்களைப் பாட வைத்தே இதை விளக்கினார். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா? இல்லை. 22-ஐ சொல்றவங்க இன்னிக்கும் இருக்காங்க. ஆனா பழந்தமிழ்ப் பண்களைப் பத்திப் பேசற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

எனக்குத் தோணறது இதுதான். சங்கீதத்தை நம்பி வயிறு வளர்த்திருந்தா, ஒரு ஜமீன்தாரையோ சபாவையோ பகைச்சுக்காமல்தான் அவர் பேச முடிஞ்சிருக்கும். வைத்தியம் சோறு போட்டதால, பெரிய வித்வான்கள் கூடின சபையில எழுந்து நின்னு "உங்க கணக்கு தப்பு"ன்னு சொல்ல முடிஞ்சது. 1917-ல் வந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல. அதையும் அச்சடிச்சது அவருடைய சொந்த அச்சகத்தில்தான். எந்தப் பதிப்பாளரும் ஒரு வரியைக் குறைக்கச் சொல்ல முடியாது.

விலை இல்லாமல் இல்லை. 1919-ல் அறுபது வயதில் இறந்துவிட்டார். இரண்டாம் பாகம் அவர் கண்ணில் படவே இல்லை. 27 வருஷம் கழிச்சு, 1946-ல் மகள் மரகதவல்லி அதை வெளியிட்டார். வைத்தியத்துக்குப் போன மணி நேரங்களை இசைக்குக் கொடுத்திருந்தா அவர் கையாலேயே முடிச்சிருப்பாரோ என்னவோ. ஆனா அந்த மணி நேரங்கள் இல்லேன்னா முதல் பாகத்துக்கே காசு ஏது, மாநாடு ஏது?

ஆகவே மக்களே, ராஜினாமா கடிதத்தை டைப் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பண்டிதரை நினைச்சுக்கோங்க. வேலை பிடிச்ச விஷயத்துக்கு எதிரியாத்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. சில சமயம் அதுதான் அந்த விஷயத்துக்குக் கிடைச்ச ராஜா.