ஓய்வுநாளும் வழிபாட்டு நாளும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நடவு தொடங்கிவிட்டால் உழவர் கிழமை பார்ப்பதில்லை. வயலுக்கு நீர் வரும் நாளே நடவு நாள்; நாற்று முற்றும் நிலையில் இருந்தால் ஆள் கிடைக்கும் நாளே நடவு நாள். அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிடுவதும் உண்டு. நான் பள்ளிப் பணியில் இருந்த காலத்தில், பாகூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், நடவுக் கூலி வேலை செய்துவந்த கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஞாயித்துக்கெழமை நடவுக்குப் போனா பாவம்னு சொல்றாங்க. போகலேன்னா நாளைக்கும் வராதேன்னு நெலத்துக்காரர் சொல்றார். நான் யார் பேச்சைக் கேக்கட்டும்?" என்பதே அக்கேள்வி. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. பின்னர் வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான், அவர் கேட்டது ஒரு கேள்வியன்று, இரண்டு கேள்விகள் என்பது புலனாயிற்று. வழிபாட்டிற்கு நாள் குறிக்க வேண்டுமா என்பது ஒன்று. அந்நாளில் வேலையை நிறுத்த வேண்டுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்த வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

யூதர்களின் மறை, வாரத்தின் ஏழாம் நாளாகிய சனிக்கிழமையை ஓய்வுநாள் என விதித்தது. அன்று தலைவன் மட்டுமன்றி, அவன் வீட்டு ஊழியரும், மாடும், அவனிடம் தங்கிய வேற்று நாட்டவரும் ஓய்ந்திருக்க வேண்டும். உழைப்பவர்க்கு அரணாக அமைந்த சட்டம் அது. இயேசுநாதரின் அடியார்களோ, அவர் உயிர்த்தெழுந்ததாகப் போற்றும் வாரத்தின் முதல் நாளில் கூடலாயினர். அவ்வாறு கூட வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் வெளிப்படையான கட்டளை ஏதும் இல்லை. ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணுகிறார், மற்றொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறார், அவரவர் மனத்தெளிவின்படி நடக்கட்டும் என்ற கருத்தைப் பவுலடியார் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில் காண்கிறோம். ஆகவே, நாள் குறிப்பது தேவையில்லை என்பார்க்கும் மறைநூலில் இடம் உண்டு.

ஆயினும், எந்நாளும் புனித நாளே என்று சொல்பவர் பெரும்பாலும் எந்த நாளும் கூடாதவராகவே முடிவதைக் கண்டிருக்கிறேன். கால அட்டவணை இல்லாத பள்ளியில் பாடம் நடவாது. இது தலைமையாசிரியனின் பழக்கதோஷம் என்று நேயர்கள் எண்ணினால் அதற்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

அந்த முதல் நாளில் அடியார்கள் வேலையை நிறுத்தினார்களா? அதுதான் நாம் கருத வேண்டியது. உரோமப் பேரரசில் அன்று ஞாயிறு வேலை நாள். கி.பி. 112ஐ ஒட்டி, இன்றைய துருக்கி நாட்டின் வடபகுதியாகிய பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய மடல் ஒன்றில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடுகின்றனர் என்று தெரிவிக்கிறார். அவர்களுள் அடிமைகளும் இருந்தனர். விடிந்தபின் தலைவன் அழைப்பான். ஆதலின் விடியுமுன் கூடினர் என்று கொள்வது பிழையாகாது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவர்களுக்கு வழிபாட்டு நாள் இருந்தது. அரசு அளித்த ஓய்வுநாள் இல்லை.

இரண்டையும் ஒன்றாக்கியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். 321ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணை, ஞாயிற்றுக்கிழமையில் நீதிமன்றத்தாரும் நகர மக்களும் கைவினைஞரும் ஓய்ந்திருக்க வேண்டும் என விதித்தது. உழவர்க்கு மட்டும் விலக்கு. விதைப்புக்கும் கொடி நடுவதற்கும் ஏற்ற பருவம் தவறிவிடலாகாது என்பது அதற்குக் காரணம். பாகூர் மூதாட்டியின் நிலத்துக்காரர் கூறியதும் ஏறக்குறைய அதுவே. அவர் கான்ஸ்டன்டைனைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டிற்கு வருவோம். ஏழு கிழமைகளும் நமக்குப் புதியன அல்ல. சோழர் கல்வெட்டுகளிலேயே கிழமையும் நாண்மீனும் குறிக்கப்படுகின்றன. ஆயின் வாரந்தோறும் ஓய்வு என்னும் வழக்கம் நம்மிடம் இல்லை. நம் விடுமுறைகள் திதியைப் பின்பற்றியவை. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகிய நாள்களில் வேதம் ஓதுதல் விலக்கப்பட்டது. திண்ணைப் பள்ளிகளும் திதி பார்த்தே மூடப்பட்டன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில் பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்களைக் கொடையளித்ததைப் பாகூர்ச் செப்பேடு கூறும். அக்கல்விச்சாலை மாணவர் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்று எண்ணியிருக்கமாட்டார். ஞாயிறு விடுமுறை ஐரோப்பியரின் அலுவலகத்தோடும் பள்ளியோடும் வந்தது.

அதனால்தான் ஒரு தமிழர் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையார் ஞாயிற்றையே ஓய்வுநாள் என வழங்கினர். ஞாயிறு தோறும் சிறுவர்க்கு நடத்தும் மறைக்கல்வி வகுப்பிற்கு 'ஓய்வுநாள் பாடசாலை' என்ற பெயர் இன்றும் உண்டு. நாசரேத்தில் மிஷனரி கெமரரின் கீழ்ப் பணியாற்றிய அருமைநாயகம் என்பவர், சட்டாம்பிள்ளை என்ற பெயராலேயே அறியப்பட்டவர். பள்ளியில் மாணவர் தலைவனைக் குறிக்கும் அச்சொல் அவருக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. மிஷனரியோடு ஏற்பட்ட பிணக்கால் அவர் பணியிழந்தார். கால்டுவெல் 1849இல் சாணார் குலத்தைப் பற்றி வெளியிட்ட ஆங்கில நூல் அக்குலத்தாரிடையே மூட்டிய மனக்கசப்பும் இதனோடு சேர்ந்தது. 1857இல் அவர் வெள்ளையரின் மேலாண்மையை உதறித் தனிச்சபை கண்டார். பிரகாசபுரம் அதன் நிலைக்களமாயிற்று.

அச்சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர். பழைய ஏற்பாட்டின் வழக்கங்கள் பலவற்றையும் ஏற்றனர். சாம்பிராணிப் புகையும் நெடுஞ்சாண்கிடை வணக்கமும் அவர்கள் வழிபாட்டில் இடம்பெற்றன. ஓய்வுநாள் என்று சொல்கிறீர்களே, மறைநூல் ஓய்வுநாள் என்பது ஏழாம் நாளையல்லவா, முதல் நாளுக்கு அதை மாற்ற யாருக்கு அதிகாரம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சனிக்கிழமையை அனுசரிக்கும் ஏழாம் நாள் அட்வெந்து சபையின் அமெரிக்கத் தொண்டர்கள் தென்னாட்டிற்கு வந்தபோது, தமக்கு முன்பே அந்நாளைப் போற்றும் தமிழ்க் கிறிஸ்தவர் பிரகாசபுரத்தில் வாழ்வதைக் கண்டனர்.

சட்டாம்பிள்ளையின் வாதம் எழுத்தளவில் வலிமையுடையது. ஞாயிற்றைப் போற்றுபவனாகிய நான் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை. ஞாயிற்றுக்கு ஓய்வுநாள் என்ற பழைய பெயரைச் சூட்டியதால் வந்த இடர் இது. ஆண்டவருடைய நாள் என்ற அளவில் நிறுத்தியிருந்தால், ஏழாம் நாளோடு அதற்கு வழக்கு நேர்ந்திராது.

இனி, நம் புதுச்சேரியின் பக்கம். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இன் பிற்பகுதியில் ஏழு நாள் வாரத்தை ஒழித்துப் பத்து நாள் வாரத்தைச் சட்டமாக்கினர். பத்தாம் நாளே ஓய்வு. உழைப்பாளிக்கு இது நட்டக் கணக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த நாள்காட்டி 1806 சனவரி முதல் நாள் கைவிடப்பட்டது. நம்மூர் அதற்குத் தப்பியது ஒரு வேடிக்கையான தற்செயல். 1793 ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். பிரெஞ்சு ஆட்சி மீண்டும் நிலைபெற்றது 1816இல்.

ஓய்வைவிடக் கூடுதலே வழிபாட்டு நாளின் உயிர் என்பதற்கும் புதுச்சேரியில் சான்று உண்டு. சேசு சபையாரின் ஆலயத்துள் தாழ்த்தப்பட்டோரைப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745இல் அவர்கள் குருமாரிடம் முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அவர்கள் கேட்டது விடுமுறையன்று. ஒரே நாளில் வருகிறோம், ஒரே இடத்தில் நிற்கக் கூடாதா என்பதே அம்முறையீட்டின் உட்பொருள். ஒரு சுவர் இடிந்ததால் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதை நம் சிற்றூர்க் கல்லறைத் தோட்டங்களே சொல்லும்.

வேலை நிறுத்தத்தின் கதையோ ஆலயத்திற்கு வெளியே நடந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி, 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். அத்தொழிலாளருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. இவையெல்லாம் ஆலைக்கு. வயலில் தினக்கூலிக்கு நடவு நடுபவருக்கு அத்தகைய விடுமுறையை எச்சட்டமும் நடைமுறையில் பெற்றுத் தரவில்லை. கான்ஸ்டன்டைன் கொடுத்த விலக்கு இன்னும் கழியவில்லை என்றே சொல்லலாம்.

இரண்டையும் பிரித்தால் வழிபாடு நிற்குமா என்ற ஐயம் எழலாம். அண்டை நாட்டில் அது சோதிக்கப்பட்டது. இலங்கையில் டட்லி சேனநாயக்காவின் அரசு, 1966 முதல் ஞாயிறு விடுமுறையை நீக்கி, நிலவின் பிறைமாற்றத்தை ஒட்டிய போயா நாள்களை விடுமுறையாக்கியது. ஞாயிறு சாதாரண வேலை நாளாயிற்று. 1971இல் பழைய முறை திரும்பியது. அவ்வாண்டுகளிலும் தமிழரும் சிங்களவருமாகிய அந்நாட்டுக் கிறிஸ்தவர் ஞாயிற்றைக் கைவிடவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமும் சற்று நெகிழ்ந்துள்ளது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஞாயிற்றில் உடலுழைப்பை விலக்கியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்போ, இறைவழிபாட்டிற்கும் அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும் ஓய்விற்கும் தடையாகும் வேலையை விலக்குமாறு கூறுகிறது. முந்தைய நாள் மாலைப் பூசையில் பங்கு கொண்டாலும் கடன் நிறைவேறும் என்கிறது. ஒரு வேளைச் சோற்றுக்காக நாற்றங்காலில் இறங்குபவளைப் பாவி என்று கூறச் சட்டத்தில் இடமில்லை. அவளை இறங்காமல் இருக்கவிடாத கூலி முறையைப் பற்றி ஆலய மேடைகளில் இன்னும் சற்று அதிகமாகப் பேசலாம் என்பது என் எண்ணம்.

அம்மூதாட்டி என் விடைக்காகக் காத்திருக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். விடியற்காலைப் பூசைக்கு வந்து, கஞ்சித் தூக்கை ஆலய வாயிலருகே வைத்துவிட்டு உள்ளே செல்வாராம். பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்கு நடப்பாராம்.